ரூசேயு பரிசு, ராபின்ஸ், பவுண்டரிப் பதிவேடு: ஒரு கணக்குமுறைக்குப் பத்து லட்சம் டாலரா?

#1 தரவுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். "மருந்து கண்டுபிடித்தால் நோபல் உண்டு, மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்கும் முறைக்கு என்ன உண்டு?" என்று போன வாரம் வேறொரு இழையில் ஒரு தம்பி கேட்டிருந்தார். அங்கே இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. அதனால் இந்தத் தனி இழை.

பீட்டர் ரூசேயு பெல்ஜியத்துப் புள்ளியியலாளர். ஒன்றிரண்டு ஏறுக்குமாறான எண்கள் மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடாமல் காக்கும் முறைகளில் பேர்போனவர். அவர் கொடுத்த நிதியிலிருந்து ஈராண்டுக்கு ஒருமுறை 10 லட்சம் டாலர் பரிசு தருகிறார்கள். முதல் பரிசு 2022இல், மருத்துவத்திலும் பொதுச் சுகாதாரத்திலும் எது எதனால் வந்தது என்று கண்டறியும் முறைகளுக்காக. பாதித் தொகை ஹார்வர்டின் ஜேம்ஸ் ராபின்ஸுக்கு. மறுபாதியை மிகேல் எர்னான், தாமஸ் ரிச்சர்ட்சன், ஆந்த்ரேயா ரொட்னிட்ஸ்கி, எரிக் செட்ஜென் செட்ஜென் நால்வரும் பகிர்ந்துகொண்டார்கள்.

மருந்துச் சோதனைத் தரவுகளோடு பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். இந்த ஐவரின் வேலையைத் தொடாமல் ஒரு வாரம்கூடப் போவதில்லை. தகுதியான இடத்துக்குப் பரிசு போனது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் கருத்து என்ன?

#2 கேள்விப்பட்டி

வாழ்த்துகள் அவங்களுக்கு. ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. தடுப்பூசி கண்டுபிடிச்சவருக்குக் கொடுத்தா புரியுது. காலராத் தண்ணியில வருதுன்னு சொன்னவருக்குக் கொடுத்தா புரியுது. ஒரு ஃபார்முலாவுக்கு இத்தனை கோடி ரூபாயா? அது எந்த உயிரைக் காப்பாத்துச்சு?

#3 மேகலை (சமூக மருத்துவம்)

கேள்விப்பட்டி தம்பி, நியாயமான கேள்விதான். ராபின்ஸுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அவர் அடிப்படையில் மருத்துவர். தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு வரும் நோய்களைப் பார்த்தவர். அந்தத் துறையில் ரொம்ப நாளாக ஒரு சிக்கல். ஆபத்தான ஆலையில் 20 வருஷம் வேலை பார்த்தவரையும் 2 வருஷம் பார்த்தவரையும் ஒப்பிட்டால், பல நேரம் 20 வருஷக்காரர்தான் ஆரோக்கியமாக இருப்பார். அப்படியானால் புகையும் தூசியும் உடம்புக்கு நல்லதா? கிடையாது. உடம்பு கெட்டவர் வேலையை விட்டுப் போய்விடுகிறார். தாக்குப்பிடித்தவர் மட்டும் உள்ளே நிற்கிறார்.

சரி, வேலையை விட்டவரையும் கணக்கில் சேர்த்துச் சரிசெய்துவிடலாமே என்றால், அங்கேதான் முடிச்சு. வேலையை விட்டவருக்கு இனிமேல் தூசி இல்லை. அவர் விட்டதே உடம்பு கெட்டதால். உடம்பு கெட்டது முந்தைய தூசியால். ஒன்று இன்னொன்றைத் தள்ள, அது திரும்பி முதலாவதைத் தள்ளுகிறது. 1986 வரை இருந்த வழக்கமான முறைகளால் இதை அவிழ்க்க முடியவில்லை, சரிசெய்தாலும் தப்பு, செய்யாவிட்டாலும் தப்பு.

அந்த வருஷம் ராபின்ஸ் எழுதிய நீண்ட கட்டுரைதான் இதற்கு வழி சொன்னது. தாமிரம் உருக்கும் ஆலையில் ஆர்சனிக் பட்ட தொழிலாளர்களின் மரணக் கணக்கை எடுத்துத் தன் முறையில் போட்டுப் பார்த்தார். வழக்கமான முறையில் கண்ணில் படாத ஆர்சனிக்கின் கேடு அதில் தெரிந்தது. எந்த உயிரைக் காப்பாற்றியது என்று கேட்டீர்களே, தாக்குப்பிடித்தவரை மட்டும் பார்த்து ஆபத்தைக் குறைத்துக் காட்டும் கணக்கை உடைத்த வேலை அது.

#4 சிங்காநல்லூர் செவிலி

மேகலை டாக்டர் எழுதினதைப் படிச்சதும் கை நடுங்கிப்போச்சுங்க. இதை நான் நேர்லயே பார்த்திருக்கேன்.

எட்டு வருஷத்துக்கு முந்தி ஒரு பவுண்டரியில் தொழிலாளிகளுக்கு மூச்சுப் பரிசோதனை முகாம். (எந்த ஆலைன்னு கேக்காதீங்க.) நான்தான் குழாயைக் கையில குடுத்து "ஊதுங்கண்ணா, இன்னும், இன்னும்"னு சொல்ற ஆள். மணல் அச்சை உடைக்கிற இடத்தில் இருபது வருஷம் நின்ன அண்ணன் ஒருத்தர், பலமா ஊதினார். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆன பையன், பாதியிலேயே இருமிட்டான். முகாம் முடிஞ்சு அறிக்கையில எழுதினாங்க: பணிக்காலத்துக்கும் நுரையீரல் பாதிப்புக்கும் தொடர்பில்லை.

அன்னைக்கு மத்தியானம் ஆள் பேர் சரிபார்க்க ஹாஜர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில அடிச்ச பேரு. அடிச்ச பேருக்கு நேரா "நின்றுவிட்டார்"னு ஒரே வார்த்தை. ஏன் நின்னாங்கன்னு ஒரு எழுத்து இல்லைங்க. அந்தப் பேருங்கள்ல ஒருத்தர்கூட எங்க குழாயில ஊதலை. மேலே இருக்கிறவங்ககிட்ட சொன்னேன், "நிக்கிறவங்களை வெச்சுத்தானே சர்வே எடுக்க முடியும்"னாங்க. அதுக்கு மேல என்ன பேசுறதுன்னு அப்ப எனக்குத் தெரியலை.

அந்தச் சிவப்பு மைக்கு ஒரு கணக்கு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது.

#5 கேள்விப்பட்டி

அக்கா, இதைப் படிச்சப்புறம் என் கேள்வியே எனக்குச் சின்னதாத் தெரியுது. ஆனா அந்தக் கணக்கு எப்படித்தான் போடுறாங்க? கணக்குத் தெரியாதவனுக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்க.

#6 தரவுக்காரன்

முயற்சி செய்கிறேன். எண்கள் நானே போட்டவை, விளக்கத்துக்காக மட்டும்.

200 நோயாளிகள். 80 பேர் மிக மோசமான நிலை, 120 பேர் பரவாயில்லை. டாக்டர் என்ன செய்வார்? மோசமானவர்களுக்குத்தான் மருந்தை முதலில் கொடுப்பார். மோசமான 80இல் 60 பேருக்கு மருந்து, 20 பேருக்கு இல்லை. பரவாயில்லாத 120இல் 30 பேருக்கு மருந்து, 90 பேருக்கு இல்லை.

இறப்பு: மோசமானவர்களில் மருந்து எடுத்த 60இல் 24, எடுக்காத 20இல் 12. பரவாயில்லாதவர்களில் மருந்து எடுத்த 30இல் 3, எடுக்காத 90இல் 18.

மொத்தமாகக் கூட்டுங்கள். மருந்து எடுத்த 90 பேரில் 27 இறப்பு, அதாவது 30 சதவீதம். எடுக்காத 110இல் 30 இறப்பு, 27 சதவீதம். மருந்துதான் கொல்கிறது என்று செய்தித்தாள் தலைப்பே போட்டுவிடலாம்.

இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு எடை கொடுப்போம். பரவாயில்லாத 120 பேரில் 30 பேர்தான் மருந்து எடுத்தார்கள், நாலில் ஒருவர். ஆக அந்த ஒவ்வொருவரும் 4 பேருக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோசமான 80இல் 60 பேர் எடுத்தார்கள், அவர்களின் எடை 80ஐ 60ஆல் வகுத்தது. அதாவது, தன் நிலையில் இருப்பவர் அபூர்வமாகச் செய்யும் காரியத்தைச் செய்தவருக்கு எடை கூடும். எல்லா 200 பேரும் மருந்து எடுத்திருந்தால்: 32 கூட்டல் 12, 44 இறப்பு, 22 சதவீதம். ஒருவருமே எடுக்காமல் இருந்திருந்தால்: 48 கூட்டல் 24, 72 இறப்பு, 36 சதவீதம். மருந்து காப்பாற்றுகிறது.

#7 ஓய்வுபெற்ற ஆசிரியர்

நன்றாகச் சொன்னீர்கள் தம்பி. ஆனால் மாணவர்கள் இங்கே ஒன்றை விட்டுவிடுவார்கள். நீங்கள் காட்டிய உதாரணத்தில் மோசமானவர்களைத் தனியாக, மற்றவர்களைத் தனியாக ஒப்பிட்டாலே விடை வந்துவிடும். இறப்பு 40 சதவீதத்துக்கு 60, 10க்கு 20. அது பழைய முறை, அதற்குப் பரிசு தேவையில்லை.

நோயாளி மாதாமாதம் வரும்போதுதான் சிக்கல். இந்த மாத ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருந்து தருகிறோம். மருந்து அடுத்த மாத ரத்தத்தை மாற்றுகிறது. அதைப் பார்த்து மீண்டும் மருந்து. இப்போது அடுத்த மாத ரத்த அளவை வைத்துப் பிரித்து ஒப்பிட்டால், மருந்து செய்த நன்மையையே நாம் அழித்துவிடுகிறோம். ரத்தம் தேறியதே மருந்தால்தானே! பிரிக்காமல் விட்டாலோ பழைய குழப்பம். மேகலை டாக்டர் சொன்ன ஆலை முடிச்சும் இதுவும் ஒன்றே. எடை போடும் முறை இங்கேதான் தன் பலத்தைக் காட்டுகிறது, ஒவ்வொரு மாதத்துக்கும் எடை போட்டுப் பெருக்கிக்கொண்டே போகலாம்.

#8 தரவுக்காரன்

ரொம்ப நன்றி சார், நான் விட்ட இடத்தைப் பிடித்துக் கொடுத்தீர்கள். இதற்கு நிஜ எண்களே இருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் எர்னான், பிரம்பேக், ராபின்ஸ் மூவரும் வெளியிட்டது. அமெரிக்காவில் எச்.ஐ.வி. தொற்று உள்ள ஆண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த தரவு, மருந்து ஜிடோவுடின். அப்படியே ஒப்பிட்டால் மருந்து எடுத்தவர்களின் மரண வீதம் எடுக்காதவர்களைப்போல் 3.6 மடங்கு. தொடக்கத்தில் இருந்த உடல்நிலையைக் கணக்கில் எடுத்தால் 2.3 மடங்கு. காலப்போக்கில் மாறிய சிடி4 (நோய் எதிர்ப்பு ரத்த அணு) எண்ணிக்கை முதலானவற்றுக்கு எடை போட்டதும் 0.7 மடங்கு, அதாவது எடுக்காதவர்களைவிடக் குறைவு.

3.6 எங்கே, 0.7 எங்கே. நோயாளிகள் அதே ஆட்கள், மருந்து அதே மருந்து. எய்ட்ஸ் மருந்துகளை எப்போது தொடங்குவது என்று உலகமே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த மூன்று எண்களையும் முதன்முதலில் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். இப்போது எழுதும்போதும் அதே உணர்வுதான்.

#9 வடகரையான்

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன்.

சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று 1950இலேயே டால், ஹில் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அப்போது ராபின்ஸும் இல்லை, எடையும் இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டு எழுதிய தாள்கள்தான் இருந்தன. 2016இல் வாண்டன்புரூக், பிராட்பென்ட், பியர்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைத்தான் எழுதினார்கள்: காரணத்தை அறிய ஒரே ஒரு வழிதான் என்று ஒரு சிந்தனைப் பள்ளி உரிமை கொண்டாடக்கூடாது, பலவகைச் சான்றுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று.

இன்னொன்று. எழுதி வைக்காத விஷயத்துக்கு எடை போட முடியுமா? அந்தச் செவிலி சகோதரி சொன்ன பதிவேட்டில் "நின்றுவிட்டார்" என்று மட்டும் இருக்கிறது. எந்த ஃபார்முலா அதைப் பேச வைக்கும்? என்னைக் கேட்டால், பரிசை நல்ல பதிவேடு எழுதியவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

#10 மேகலை (சமூக மருத்துவம்)

வடகரையான் சார், பதிவேடு எழுதியவர்களுக்கும் பரிசு வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சி. அளக்காததற்கு எடை போட முடியாது என்பதும் முழு உண்மை, எடை போடும் முறைக்கு அது ஒரு நிபந்தனை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். செட்ஜென் செட்ஜெனின் வேலையில் ஒரு முக்கியப் பகுதி இந்தச் சந்தேகத்தைச் சுற்றித்தான்: அளக்காதது ஒன்று ஒளிந்திருந்தால் அதன் நிழல் வேறு எங்காவது விழுமே, அந்த நிழலைப் பிடிக்க முடியுமா என்று.

நிழலுக்கு ஓர் உதாரணம். இஸ்ரேலில் கிளாலிட் சுகாதார அமைப்பின் தரவில் ஃபைசர் கோவிட் தடுப்பூசியை ஆராய்ந்தார்கள், எர்னானும் அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர். 2020 டிசம்பர் 20 முதல் 2021 பிப்ரவரி 1 வரை ஊசி போட்ட 5,96,618 பேர், ஒவ்வொருவருக்கும் இணையாக ஊசி போடாத ஒருவர். வயது, பால், வசிக்கும் பகுதி, நோய்கள் எல்லாம் பொருத்தம் பார்த்து. முதல் ஊசிக்குப் பிறகு ஏறத்தாழ 12 நாள் வரை, இரு கூட்டத்தின் கோவிட் தொற்றையும் காட்டும் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தே போயின. அதன்பிறகுதான் பிரிந்தன. ஊசி உடம்பில் வேலை செய்யத் தொடங்கும் முன்பே கோடுகள் பிரிந்திருந்தால், இரண்டு கூட்டமும் ஆரம்பத்திலேயே வேறுவேறு என்று அர்த்தம். அந்த 12 நாள் ஒட்டிக்கிடந்த கோடுதான் எனக்கு அந்தக் கட்டுரையிலேயே அழகான இடம்.

#11 ஓய்வுபெற்ற ஆசிரியர்

வடகரையான் அவர்கள் ஆஸ்பத்திரித் தாள்களைப் பற்றிச் சொன்னதால் நம் ஊர்க் கதை ஒன்றை நினைவூட்டுகிறேன். 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது, சேத்துப்பட்டில் இருக்கிறதே, அதுதான். காசநோயாளியைச் சானடோரியத்தில்தான் வைக்க வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்பது கேள்வி. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 1959இல் முடிவு வந்தது. குடிசையில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் மாத்திரையால் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் தொற்று கூடவில்லை. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தின் போக்கே திரும்பியது.

குலுக்காமல் இருந்திருந்தால்? முற்றியவரைச் சானடோரியத்துக்கும் லேசானவரை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார்கள், ஒப்பீடே செல்லாது. குலுக்க முடிந்த இடத்தில் குலுக்குவதுதான் சிறந்தது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆர்சனிக் புகையில் ஆட்களைக் குலுக்கி நிறுத்த முடியுமா? அந்த இடத்துக்குத்தான் ராபின்ஸ் வேண்டும்.

#12 கேள்விப்பட்டி

சார், அப்ப குலுக்கலும் இந்த முறையும் ஒரே கேள்விக்கு வேற வேற பதில் சொன்னா யாரை நம்புறது?

#13 மேகலை (சமூக மருத்துவம்)

அப்படி ஒரு பெரிய சண்டை நடந்தே இருக்கிறது தம்பி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை. அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்கு இதயநோய் குறைவாகத் தெரிந்தது. டாக்டர்கள் நம்பி எழுதிக்கொடுத்தார்கள். 2002இல் 16,608 பெண்களைக் குலுக்கிப் பிரித்த பெரிய சோதனை பாதியிலேயே நிறுத்தப்பட்டது: மாத்திரை எடுத்தவர்களுக்கு இதயநோய் கூடியிருந்தது, மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்தது.

செவிலியர்கள் பொய் சொன்னார்களா? இல்லவே இல்லை, அவர்கள் தந்தது பொன்னான தரவு. 2008இல் எர்னானும் ராபின்ஸும் கூட்டாளிகளும் அதே தரவைத் திரும்ப எடுத்து, "இது ஒரு சோதனையாக இருந்திருந்தால் முதல் நாள் எது?" என்று கேட்டு, மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து எண்ணினார்கள். முதல் சில வருஷத்தில் ஆபத்து கூடுவது அதிலும் தெரிந்தது. மாதவிடாய் நின்று எத்தனை வருஷம் கழித்துத் தொடங்கினார்கள், எத்தனை வருஷம் கவனித்தார்கள் என்பதையும் பொருத்திப் பார்த்ததும் இரண்டு ஆய்வுக்கும் இருந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்தது. முன்பு செய்த ஒப்பீட்டில், "இப்போது எடுத்துக்கொண்டிருப்பவர்" என்ற கூட்டத்தில் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பாதிக்கப்பட்டவர்கள் விடுபட்டுப் போயிருந்தார்கள்.

சிங்காநல்லூர் அம்மா, உங்கள் சிவப்பு மைப் பேர்கள்தான் அவர்கள்.

#14 வடகரையான்

இந்த ஹார்மோன் விஷயத்தில் எனக்குத் தெரியாத கோணம் இது. ஏற்றுக்கொள்கிறேன். முதல் நாள் எது என்ற கேள்விக்கு ஃபார்முலாகூட வேண்டாம், ஆனால் யாரோ ஒருவர் அதைக் கேட்டே ஆக வேண்டும் என்று ஒழுங்காக எழுதி வைத்ததும் ஒரு கொடைதான். பள்ளிகளின் உரிமைச் சண்டை பற்றி நான் சொன்னதில் மட்டும் மாற்றமில்லை.

#15 தரவுக்காரன்

அதில் மாற வேண்டியதும் இல்லை சார். நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். 1986 கட்டுரை படிப்பதற்கு மிகக் கடினம், மருத்துவ இதழில்கூட வரவில்லை, கணித மாதிரிகள் பற்றிய இதழில் வந்தது. அதை அன்றாட ஆராய்ச்சியாளர் கையில் பிடிக்கிற கருவியாக மாற்ற மற்ற நால்வரும் உழைத்தார்கள். மருந்து யாருக்குப் போகிறது, அதன்பின் என்ன ஆகிறது என்ற இரண்டு கணக்கு மாதிரிகளில் ஒன்று தப்பானாலும் விடை தப்பாமல் நிற்கும் முறைகளை வளர்த்ததில் ரொட்னிட்ஸ்கிக்குப் பெரும் பங்கு உண்டு. ரிச்சர்ட்சன், எது எதைத் தள்ளுகிறது என்று காட்டும் அம்புக்குறி வரைபடத்தையும் "அப்படி நடந்திருந்தால்" என்ற கணக்கையும் ஒரே மொழியில் பேச வைத்தார். எர்னானும் ராபின்ஸும் எழுதிய பாடப்புத்தகம் இணையத்தில் இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். பாதித் தொகையை நால்வருக்குப் பகிர்ந்தது அதனால்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

#16 சிங்காநல்லூர் செவிலி

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசறீங்க, எனக்கு ஒரே ஒரு கேள்விதாங்க. அந்தப் பதிவேட்டை வெச்சு இப்ப ஏதாவது பண்ண முடியுமா? எட்டு வருஷம் ஆச்சு.

#17 ஓய்வுபெற்ற ஆசிரியர்

முடியலாம் அம்மா. மூன்று தகவல் வேண்டும். ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, நின்ற தேதி, எந்தப் பிரிவில் எத்தனை நாள் என்பது. நின்ற தேதி பதிவேட்டில் இல்லாவிட்டாலும் பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதி இருக்கும். பிரிவு விவரத்துக்குச் சம்பளச் சீட்டு உதவும். அதற்குப் பிறகு அவர்கள் இருக்கிறார்களா, உடம்பு எப்படி என்று வீடு தேடிப் போய்க் கேட்க வேண்டும். அதுதான் நீண்ட வேலை. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஒவ்வொருவரின் சம்மதமும் இல்லாமல் ஒரு பேரைக்கூடத் தொடக்கூடாது.

#18 மேகலை (சமூக மருத்துவம்)

அம்மா, அனுமதி விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன். என்னிடம் முதுநிலை மாணவர்கள் இரண்டு பேர் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறார்கள். தனிச்செய்தியில் பேசலாம், ஆலையின் பெயரை இங்கே போட வேண்டாம்.

#19 தரவுக்காரன்

எடை போடுகிற வேலை என்னுடையது. காசு வேண்டாம்.

#20 சிங்காநல்லூர் செவிலி

அங்க நேர அலுவலகத்தில் இருந்த அண்ணன் இன்னும் வேலையில்தான் இருக்காருங்க. பழைய பதிவேடெல்லாம் பரண் மேல கோணிச் சாக்கில கட்டி வெச்சிருக்கறதா அப்பவே சொல்வார். இப்பத்தான் போன் பண்ணேன். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கார்.